பக்கத்து இலைமேல் ஒரு கண்

தேரவாத பௌத்தத் துறவிகளுக்கான விநய நூலில் சேகியம் என்றொரு பகுதி இருக்கிறது. மொத்தம் 75 விதிகள். அவற்றில் 30, சோறு வாங்குவதையும் உண்பதையும் பற்றியவை. பெரிய கவளமாக உருட்டாதே, கவளம் வாயருகே வருமுன் வாயைத் திறக்காதே, வாயில் சோற்றை வைத்துக்கொண்டு பேசாதே, சப்புக்கொட்டாதே, உறிஞ்சாதே, விரலை நக்காதே, கையை உதறாதே. பந்தியில் பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் சொல்லிக்கொடுக்கும் ஒழுங்குகள்தாம் பெரும்பாலும்.

இந்தப் பட்டியலில் வரும் இரண்டு விதிகளைப் பிரித்தெடுத்துப் பார்க்கலாம். உண்ணும்போது கவனம் தன் பாத்திரத்தில் இருக்க வேண்டும் என்பது ஒன்று. குறை காணும் எண்ணத்தோடு அடுத்தவர் பாத்திரத்தைப் பார்க்கக் கூடாது என்பது மற்றொன்று. இரண்டாவது விதிக்கு ஒரு விலக்கும் சொல்லப்பட்டிருக்கிறது: ‘இவருக்கு ஏதாவது கொடுக்கலாமா, வேறு யாரையாவது கொடுக்கச் சொல்லலாமா’ என்று பார்த்தால் அது குற்றமாகாது.

இன்று ‘மைண்ட்ஃபுல் ஈட்டிங்’ என்ற பெயரில் மருத்துவமனைகளிலும் யோகா வகுப்புகளிலும் கைப்பேசிச் செயலிகளிலும் கற்றுத்தரப்படும் கவனித்து உண்ணும் பழக்கத்துக்கு வேர் இந்த மரபில்தான் இருக்கிறது. ஆனால் வேரிலிருந்து முதல் விதி மட்டுமே நம் காலத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது. பிறர் உணவைக் குறை காணாதே என்ற விதி வழியிலேயே உதிர்ந்துவிட்டது. கொடுப்பதற்காகப் பார்க்கலாம் என்ற விலக்கோ யாருக்கும் நினைவில்லை. உணவைப் பற்றி நாம் ஒருவர்மேல் ஒருவர் சொல்லும் தீர்ப்புகளை எடைபோட இந்த மூன்றும் சேர்ந்தால்தான் ஒழுங்கான தராசு கிடைக்கும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

அரசனும் நாழிச் சோறும்

அளவறிந்து உண்பதைப் பற்றிய மிகப் பழைய கதைகளுள் ஒன்று சம்யுத்த நிகாயத்தில் வருகிறது. கோசல அரசன் பசேநதி துரோணம் என்ற பெரிய அளவைக் கணக்கில் சோறு உண்பவன். ஒருநாள் அப்படி உண்டுவிட்டு, மூச்சு வாங்க வாங்கப் புத்தர் முன் வந்து உட்காருகிறான். புத்தர் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. விழிப்போடு இருந்து அளவறிந்து உண்பவனுக்கு உபாதைகள் குறையும், மூப்பு மெதுவாக வரும் என்னும் பொருளில் ஒரு சிறு பாடல் சொல்கிறார், அவ்வளவுதான். அரசனுக்குப் பின்னால் சுதஸ்ஸன் என்ற இளைஞன் நின்றிருக்கிறான். அந்தப் பாடலைப் பாடம் செய்து, தான் உண்ண உட்காரும்போதெல்லாம் எதிரில் நின்று சொல்லும்படி அரசன் அவனைக் கேட்டுக்கொள்கிறான். கூலி, நாளொன்றுக்கு நூறு காசு. கொஞ்சம் கொஞ்சமாக அரசனின் உணவு நாழி அரிசிச் சோற்றுக்கு இறங்குகிறது, உடல் இளைக்கிறது.

அறிவுரை பலித்த கதை என்று இதைச் சுருக்கிவிடலாம். ஆனால் அறிவுரை எப்படிப் பலித்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. முதலில் அரசனுக்கு அவன் உடம்பே சொல்லிவிட்டது. நினைவூட்ட ஓர் ஆள் வேண்டும் என்று தீர்மானித்தவன் அவன்தான். அதற்குரிய ஆளையும் சொல்லையும் வேளையையும் தேர்ந்தவனும் அவனே. இதே பாடலை, அரசன் கேளாமலே, ஒரு மந்திரி தினமும் சாப்பாட்டு வேளையில் பாடியிருந்தால் அந்த மந்திரியின் தலை தங்கியிருக்குமா என்பது சந்தேகம்.

நம் கல்யாணப் பந்திகளில் சம்பளமில்லாத சுதஸ்ஸன்கள் ஏராளம். “உனக்குத்தான் சுகர் இருக்கே, ஜாங்கிரி எதுக்கு?” என்று நாலு பேர் காதில் விழும்படி கேட்கும் சித்தப்பா, “இப்பவே இந்தச் சைஸ், இதுல ரெண்டாவது பூரி வேறயா?” என்று தங்கை மகளைப் பார்த்துச் சிரிக்கும் பெரியம்மா. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு, நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. ஆகவே அக்கறைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஆனால் அக்கறை காட்டும் அந்த முறைக்குப் பலன் உண்டா?

ஏஞ்சலினா சுட்டின், அன்டோனியோ டெரச்சியானோ என்ற இரு உளவியலாளர்கள் அமெரிக்காவில் 2006 முதல் 2010 வரை சேகரிக்கப்பட்ட தரவுகளை ஆராய்ந்து 2013இல் வெளியிட்ட கட்டுரை இதற்கு ஒரு விடை தருகிறது. உடல் எடைக்காகப் பிறர் தம்மைத் தாழ்வாக நடத்தியதாகச் சொன்னவர்களில், முதலில் பருமனாக இல்லாதவர்கள் நான்கு ஆண்டுகளில் பருமனாகும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு அதிகமாக இருந்தது. இது சோதனைக்கூட ஆய்வு அல்ல. ஒன்றால்தான் மற்றொன்று விளைந்தது என்று இதை வைத்து அறுதியிட முடியாது. ஆனாலும் ‘நாலு வார்த்தை உறைக்கிற மாதிரி சொன்னால் திருந்திவிடுவார்கள்’ என்ற நம் பொதுப்புத்திக்கு இதில் எந்த ஆதாரமும் இல்லை. வெட்கப்பட்டவர் ஜாங்கிரியை விட்டுவிடுவதில்லை. யாரும் பார்க்காத வேளையில் உண்கிறார். அப்படி ஒளிந்து, அவசரமாக உண்ணும்போது கவனத்துக்கு அங்கே இடமில்லை.

உலர்திராட்சையிலிருந்து சந்தைக்கு

1979இல் ஜான் கபட்-ஜின் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில், நாள்பட்ட வலியோடும் மன அழுத்தத்தோடும் வாழும் நோயாளிகளுக்காக ஒரு தியானப் பயிற்சியைத் தொடங்கினார். அதன் புகழ்பெற்ற பாடம் ஓர் உலர்திராட்சையைச் சாப்பிடுவது. கையில் எடுத்து, உருட்டி, சுருக்கங்களைப் பார்த்து, முகர்ந்து, நாக்கில் வைத்து, கடிக்குமுன் ஊறும் எச்சிலைக் கவனித்து, பிறகு மெல்ல மென்று விழுங்க வேண்டும். சமயச் சொற்கள் எதுவுமில்லை. மனத்தின் கவனத்துக்கு அவர் தந்த வரையறையில் ‘தீர்ப்பு வழங்காமல்’ என்ற நிபந்தனையும் சேர்ந்தே இருந்தது.

உளவியலாளர் ஜீன் கிறிஸ்டெல்லர் இதை உணவுச் சிக்கல்களுக்குக் கொண்டுபோனார். கட்டுப்பாடிழந்து அளவுமீறி உண்ணும் கோளாறுள்ள 18 பெண்களிடம் அவர் நடத்திய ஆறு வாரப் பயிற்சியின் முடிவுகள் 1999இல் வெளிவந்தன. அப்படி உண்பது எத்தனை முறை, எவ்வளவு தீவிரமாக என்ற இரண்டுமே குறைந்திருந்தன. அதன்பின் வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் பெரும்பாலும் ஒரே திசையில்தான் சொல்கிறார்கள்: மனவேதனையால் உண்பதும் அடக்கமுடியாமல் உண்பதும் கவனப் பயிற்சியால் குறைகின்றன; எடை குறையுமா என்றால் முடிவுகள் கலவையானவை. அதாவது, உணவோடு நமக்குள்ள உறவைச் சீராக்க இது உதவும். ஆளை இளைக்கவைக்கும் உத்தியாக இதை விற்றால் அது மிகை.

ஆனால் விற்கப்படுவது அப்படித்தான். ‘நான் கவனித்து உண்கிறேன்’ என்ற சொல், ‘நீ கண்டதைத் தின்கிறாய்’ என்ற ஒலிக்குறிப்போடு புழங்கத் தொடங்கிவிட்டது. சுத்தமான உணவு, கலப்படமற்ற உணவு, உடலை நச்சு நீக்கும் உணவு என்று பெயர்கள் பெருகின. அமெரிக்க மருத்துவர் ஸ்டீவன் பிராட்மன், சரியான உணவை மட்டுமே உண்ண வேண்டும் என்ற நினைப்பே நோயாக முற்றும் நிலைக்கு ‘ஆர்த்தோரெக்சியா’ என்று 1997இலேயே பெயர் வைத்தார். தானே ஒரு காலத்தில் அந்த ஓட்டத்தில் ஓடியவர் அவர். இந்த நிலையில் இருப்பவர் தன் இலையைக் கவனிப்பவர்போலத் தெரிவார். உண்மையில் அவர் கவனம் தூய்மைப் பட்டியலில் தான் எந்த இடத்தில் நிற்கிறோம் என்பதில் இருக்கிறது. அந்த இடத்தை அறிய அடுத்தவர் இலையை எட்டிப் பார்த்தே ஆக வேண்டும்.

உணவைப் பற்றிய அறிவியலும் இந்தச் சபலத்திலிருந்து தப்பவில்லை. தட்டு சின்னதானால் குறைவாக உண்போம், பெரிய பொட்டலம் கண்ணை ஏமாற்றும் என்பதுபோன்ற செய்திகளால் உலகம் முழுதும் பெயர் பெற்றவர் கார்னெல் பல்கலைக்கழகத்தின் பிரையன் வான்சிங்க். யோசனையின்றி உண்பதைப் பற்றிய அவர் நூல் 2006இல் வந்து பரவலாக வாசிக்கப்பட்டது. 2018 செப்டம்பரில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழ்கள் அவருடைய ஆறு கட்டுரைகளை ஒரே நாளில் திரும்பப் பெற்றன. ஆராய்ச்சி நெறிகளை அவர் மீறியதாகப் பல்கலைக்கழக விசாரணை முடிவு செய்தது. அவரும் பதவி விலகுவதாக அறிவித்தார். பிறர் எப்படித் தின்கிறார்கள் என்று சொல்லும் எளிய, கவர்ச்சியான முடிவுகள்மேல் நமக்கு இருக்கும் பசியும் அந்தப் புகழுக்கு ஒரு காரணம்.

தட்டைப் பார்த்து ஆளை அளப்பது

ஒருவர் தட்டில் இருப்பதை வைத்து அவர் குணத்தை எடைபோடும் வழக்கத்தை 1995இல் ரிச்சர்ட் ஸ்டெய்ன், கரோல் நெமரோஃப் இருவரும் சோதித்தார்கள். கல்லூரி மாணவர்களுக்கு ஒரு கற்பனை ஆளின் விவரக்குறிப்பு கொடுக்கப்பட்டது. உயரம், எடை, உடற்பயிற்சி எல்லாம் ஒன்றே. உணவு மட்டும் மாறும். ஒரு பிரதியில் பழம், வீட்டில் சுட்ட கோதுமை ரொட்டி, கோழி போன்றவை. மற்றதில் பர்கர், வறுத்த உருளைக்கிழங்கு, டோநட், ஐஸ்கிரீம் வகைகள். முதல் ஆளையே நல்லவர், ஒழுக்கமானவர், அழகானவர் என்று மாணவர்கள் மதிப்பிட்டார்கள். உடல் அளவு ஒன்றாகவே இருந்தும் தீர்ப்பு மாறியது. அவர்கள் எடை போட்டது உடல்நலத்தை அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

தீர்ப்பு மேலிருந்து கீழே மட்டும் பாய்வதில்லை. 2012இல் ஜூலியா மின்சன், பெனுவா மொனான் இருவரும் புலால் உண்பவர்களிடம், மரக்கறி உணவினர் என்றதும் மனத்தில் தோன்றும் சொற்களைக் கேட்டார்கள். 47 சதவீதத்தினர் ஏதாவது ஓர் எதிர்மறைச் சொல்லைச் சொன்னார்கள். மரக்கறிக்காரர்கள் தம்மை ஒழுக்கத்தில் உயர்ந்தவர்களாக நினைத்துக்கொள்வார்கள் என்று எந்த அளவு எதிர்பார்த்தார்களோ அந்த அளவு வெறுப்பும் கூடியிருந்தது. ‘அவர்கள் உங்களை எப்படி மதிப்பிடுவார்கள்’ என்று முதலில் கேட்டுவிட்டால் கசப்பு இன்னும் ஏறியது. எதிரில் இருப்பவர் ஒரு வார்த்தையும் பேச வேண்டியதில்லை. அவர் இலையில் கறி இல்லை என்பதே தனக்கு விழுந்த அடியாகப் படுகிறது. நம்மூர் அலுவலகங்களில் கறி வேண்டாம் என்கிறவரைத் ‘தயிர்சாதம்’ என்று கேலி செய்வதிலும் இந்த முன்னெச்சரிக்கைத் தாக்குதல் இருக்கிறது.

பக்கத்து இலைக்குப் பாயசம் கேட்கும் பழமொழியில் இருக்கும் தந்திரம் இங்கேயும் நடக்கிறது. கை நீள்வது பக்கத்து இலையை நோக்கி. கணக்கு முழுக்கத் தன் இலையைப் பற்றியது. பிறர் உணவைப் பற்றிய பேச்சில் நாம் பரிமாறிக்கொள்வது பெரும்பாலும் நம்மைப் பற்றிய மதிப்பீடுதான்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். இயற்கை வேளாண் உணவின் படங்களைப் பார்த்தாலே மனிதர் பிறர்மேல் கடுமையாகத் தீர்ப்புச் சொல்கிறார், உதவும் மனமும் குறைகிறது என்று 2013இல் கெண்டல் எஸ்கின் ஓர் ஆய்வு வெளியிட்டார். உலகப் பத்திரிகைகள் அதைக் கொண்டாடின. 2016இல் வேறு இருவர் அதே சோதனையை அதிகம் பேரிடம் திரும்பச் செய்தபோது அந்த விளைவு அநேகமாகக் காணவே இல்லை. ஆர்கானிக் கடைக்குப் போகிறவர்களைக் கிண்டல் செய்ய ஒரு காரணம் கிடைத்ததே என்ற மகிழ்ச்சியில் முதல் ஆய்வு பரவியது. அதை மறுத்த ஆய்வு அவ்வளவு தூரம் போகவில்லை. குறை காணும் ஆசை எல்லாத் தரப்பிலும் இருக்கிறது.

உயர்தர சைவம்

மேலைநாட்டு ஆய்வுகளில் உணவுத் தீர்ப்பு தனிமனிதர் குணத்தைத் தொடுகிறது. இந்தியாவில் அது பிறப்பைத் தொடுகிறது. அதனால் இங்கே அதன் எடை வேறு.

எண்ணிக்கையை முதலில் பார்ப்போம். 2014ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவு அடிப்படைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் சுமார் 71 சதவீதத்தினர் அசைவர். தமிழ்நாட்டில் அது 97 சதவீதத்துக்கும் மேல். ஆனாலும் தமிழ்நாட்டின் எந்த ஊர்ப் பேருந்து நிலையத்தில் இறங்கினாலும் ‘உயர்தர சைவ உணவகம்’ என்ற பலகை கண்ணில் படும். அசைவ உணவகத்துக்கு அந்த அடைமொழி அபூர்வம். நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேர் உண்பதைக் கடைசிப் படியிலும் மூன்று பேர் உண்பதை முதற்படியிலும் வைக்கும் ஏற்பாடு யாரும் சட்டம் போடாமலே நடந்துகொண்டிருக்கிறது. அந்தத் தொண்ணூற்றேழு பேரும் செவ்வாய், வெள்ளி என்றும் புரட்டாசி என்றும் நாள் பார்த்து அதை வழிமொழிகிறார்கள். விரதம் அவரவர் பக்தி. விரதமில்லாத நாளை அழுக்கு நாளாக நினைப்பதுதான் படிநிலை.

இந்தப் படிநிலையின் இயக்கத்தைச் சமூகவியலாளர் எம்.என். சீனிவாஸ் 1952இல் குடகு மக்களைப் பற்றிய நூலில் விவரித்தார்: கீழே வைக்கப்பட்ட சாதி புலாலையும் கள்ளையும் விட்டு, மேல்சாதிச் சடங்குகளை ஏற்று, ஓரிரு தலைமுறையில் மேலேறப் பார்க்கிறது. அம்பேத்கர் 1948இல் தீண்டாமையின் தோற்றத்தை ஆராய்ந்த நூலில் இன்னும் ஆழத்துக்குப் போனார். தீண்டாமைக்கு வேர் மாட்டிறைச்சி உண்டதிலும், பௌத்தர்களாக இருந்ததிலும் இருப்பதாக வாதிட்டார். அவருடைய வரலாற்று ஊகங்களை ஏற்பவரும் மறுப்பவரும் உண்டு. ஆனால் ஒருவர் பானையில் வேகும் பொருளை வைத்து அவர் தெருவை ஊருக்கு வெளியே தள்ள முடிந்தது என்ற உண்மையை மறுப்பவர் இல்லை.

எதை உண்கிறோம் என்பதோடு, யாரோடு உண்கிறோம், யார் சமைத்தார் என்பவையும் இதே தீர்ப்பின் கிளைகள். 1922இல் வ.வே.சு. ஐயர் தொடங்கிய குருகுலம், பின்னர் சேரன்மாதேவியில் நடந்தபோது, இரண்டு பிராமண மாணவர்கள் தனியாக உண்ண அனுமதிக்கப்பட்டார்கள். காங்கிரஸ் நிதி பெற்ற பள்ளியில் இது நடக்கலாமா என்று வரதராசலு நாயுடுவும் பெரியாரும் எழுப்பிய கேள்வி தமிழ்நாட்டு அரசியலின் போக்கையே மாற்றிய பூசல்களில் ஒன்றானது. ஏறக்குறைய நூறு ஆண்டுகள் கழித்து, 2018 டிசம்பரில், சென்னை ஐஐடியின் விடுதி உணவுக்கூடம் ஒன்றில் சைவருக்கும் அசைவருக்கும் தனித்தனி வாசல், தனித்தனிக் கைகழுவும் இடம் என்று அறிவிப்புகள் ஒட்டப்பட்டன. எதிர்ப்பு எழுந்ததும் அகற்றப்பட்டன. அதே ஆண்டு திருப்பூர் மாவட்டத்தில், பட்டியல் சாதிப் பெண் சமைத்த சத்துணவைத் தம் பிள்ளைகள் உண்ணக் கூடாது என்று ஊரில் சிலர் எதிர்த்தார்கள். 2024 மார்ச்சில் சொமேட்டோ நிறுவனம் ‘சுத்த சைவம்’ உண்போருக்கெனப் பச்சைச் சட்டை போட்ட தனி விநியோகப் படையை அறிவித்தது. வழக்கமான சிவப்புச் சட்டைக்காரர்களைக் குடியிருப்புகளுக்குள் விடாத நிலை வரும் என்று பலர் சுட்டிக்காட்டவே மறுநாளே பச்சைச் சட்டையைக் கைவிட்டது. உணவைக் கொண்டுவருகிறவரின் சட்டை வரை நீண்ட இந்தத் தூய்மைப் பார்வைக்கும் தட்டிலுள்ள உணவைக் கவனிப்பதற்கும் எந்த உறவும் இல்லை.

இது என்றைக்கும் இப்படியே இருந்ததும் இல்லை. புறநானூற்றின் 14ஆம் பாட்டில், சேரமான் செல்வக்கடுங்கோ கபிலரின் கையைப் பற்றி, இவ்வளவு மென்மையாக இருக்கிறதே என்று வியக்கிறான். கறிச்சோறு உண்பதைத் தவிர வேறு கடினமான வேலை அறியாத கை, மென்மையாகத்தானே இருக்கும் என்ற பொருளில் கபிலர் விடை சொல்கிறார். அந்தணரான புலவர் தன் புலால் உணவை ஒரு மன்னனிடம் எந்தக் கூச்சமும் இன்றிச் சொல்ல முடிந்த தமிழ்ச் சூழல் அது.

தெரிவு யாருக்கு இருக்கிறது?

உணவுத் தெரிவு என்று சொல்லும்போதே, தெரிந்தெடுக்க ஒருவருக்கு வழி இருப்பதாக எடுத்துக்கொள்கிறோம். இந்த இடத்தில் கவனித்து உண்ணும் இயக்கத்தையும் கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது.

மெதுவாக உண், ஒவ்வொரு கவளத்தையும் ரசி, வயிறு நிறைந்ததும் நிறுத்து. நல்ல அறிவுரைதான். வயிறு விரிவதையும் குடல் சுரப்பிகள் அனுப்பும் செய்திகளையும் மூளை உணரச் சற்று நேரம் பிடிக்கும். ஆகவே வேகமாக உண்பவர் தேவைக்குமேல் உண்டுவிடுகிறார். ஆனால் எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, அடுப்படியிலேயே நின்றுகொண்டு, மிஞ்சிய குழம்பில் மிஞ்சிய சோற்றைப் பிசைந்து இரண்டு நிமிடத்தில் முடிக்கும் பெண்ணிடம் இந்த அறிவுரையை எப்படிச் சொல்வது? அரை மணிநேர இடைவேளையில் வரிசையில் நின்று சாப்பிட்டுத் திரும்ப வேண்டிய ஆலைத் தொழிலாளியிடம்? இவர்களுடைய அவசரம் கவனக்குறைவால் வந்ததன்று. வீட்டில் யார் கடைசியில் உண்கிறார், வேலையிடத்தில் யாருடைய நேரம் யாருக்குச் சொந்தம் என்ற ஏற்பாடுகளால் வந்தது. அந்த ஏற்பாடுகளைத் தொடாமல் உண்ணும் வேகத்தை மட்டும் குறை சொல்வது எளிது, பயனற்றது.

எந்த உணவு உயர்ந்தது என்ற தீர்ப்பும் உணவைவிட உண்பவரைத்தான் பின்தொடர்கிறது. கம்பங்கூழும் கேழ்வரகுக் களியும் நெல்லுச்சோறு வாங்க முடியாதவரின் உணவாக இருந்தவரை ஏளனத்துக்குரியவை; பள்ளிக்கூடத்தில் தூக்குச்சட்டியைத் திறக்கவே பிள்ளைகள் கூசினார்கள். இந்தியா முன்மொழிய, ஐக்கிய நாடுகள் அவை 2023ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. இப்போது அதே கம்பு, கண்ணாடிக் கதவு போட்ட கடையில் அழகான பொட்டலத்தில் கிடைக்கிறது. தானியத்தில் எதுவும் மாறவில்லை. உண்பவரின் வருமானம் மாறியது. மதிப்பும் கூடவே மாறியது.

அப்படியானால் எதையுமே சொல்லக் கூடாதா?

நியாயமான மறுப்பு ஒன்று இருக்கிறது. உணவு வெறும் சொந்த விஷயமா? ஜோசப் பூர், தாமஸ் நெமெசெக் 2018இல் வெளியிட்ட பெரிய ஆய்வு, மனிதரால் வெளியாகும் பசுங்குடில் வாயுக்களில் கால்பங்குக்குச் சற்று மேல் உணவு உற்பத்தியிலிருந்து வருவதாகக் கணக்கிட்டது. மாட்டிறைச்சியின் பங்கு அதில் பெரிது. கூண்டுக் கோழிகளின் வாழ்க்கையைப் பார்த்தவர் முட்டையை முன்போல் உண்ண முடியாமல் போகலாம். இதையெல்லாம் பேசாமலிருப்பதா அறம்?

விநய மரபு இதே கேள்வியைச் சந்தித்திருக்கிறது. துறவிகள் எல்லோரும் மீனையும் இறைச்சியையும் அறவே விட வேண்டும் என்பது உட்பட ஐந்து கடும் விதிகளைக் கட்டாயமாக்கும்படி தேவதத்தன் என்ற துறவி கேட்டபோது புத்தர் மறுத்தார். விரும்புகிறவர் அப்படி இருக்கலாம், கட்டாயமில்லை என்றார். அதே நேரம், தனக்காகவே கொல்லப்பட்டதாகக் கண்டதையோ கேட்டதையோ ஐயுற்றதையோ துறவி உண்ணக் கூடாது என்ற எல்லையையும் வைத்தார். அற அளவுகோல் இருக்கிறது. அதை ஏந்தி நிற்பவர் தன்னை அளந்துகொள்கிறார். பிற்காலத்தில் மகாயானத்தின் ஒரு கிளை புலாலை முற்றாக மறுத்தது. ஆறாம் நூற்றாண்டுச் சீனத்தில் லியாங் பேரரசர் வூ துறவிகளுக்கு அதை ஆணையாகவே ஆக்கினார். சுயகட்டுப்பாடு அரசாணையாக மாறும்போது கண்காணிப்பவர் தேவைப்படுகிறார். கண்காணிப்பவருக்கு வேலையே பிறர் பாத்திரத்தைப் பார்ப்பதுதான்.

திருக்குறளின் அமைப்பும் யோசிக்கத் தக்கது. புலால் மறுத்தல் அதிகாரம் துறவறவியலில் இருக்கிறது. இல்லறத்தானுக்கு உணவு சார்ந்து முதலில் வைக்கப்படும் அறம் விருந்தோம்பல். அளவறிந்து, முன் உண்டது செரித்தபின் உண்பதைப் பற்றிய அறிவுரைகள் பொருட்பாலில், மருந்து அதிகாரத்தில் வருகின்றன. புலால் மறுத்தல் எல்லோருக்கும் பொது என்று படிப்பவர்களும் உண்டு. எப்படிப் படித்தாலும், துறத்தல், விருந்தளித்தல், அளவறிதல் மூன்றும் வெவ்வேறு இடங்களில் வைக்கப்பட்டிருப்பதை மறுக்க முடியாது. ஒன்றின் பெயரால் மற்றொன்றைச் செய்யும் குழப்பம் நம்முடையது.

ஆகவே கோழிப்பண்ணைகளின் கொடுமையைப் பற்றிப் பேசலாம், பேச வேண்டும்: பண்ணை முறையிடம், கொள்கை வகுப்பவரிடம், சர்க்கரையைக் கொட்டிக் குழந்தைகளுக்கு விற்கும் நிறுவனங்களிடம். அந்தப் பேச்சுக்கு ஆதாரம் வேண்டும், உழைப்பு வேண்டும். பக்கத்து மேசைக்காரரின் டப்பாவைப் பார்த்து முகம் சுளிக்க எதுவும் வேண்டாம். இரண்டையும் ஒரே அறச்செயலாகக் கருதும்போதுதான் சிக்கல்.

கொடுப்பதற்காகப் பார்ப்பது

குறை காணாமை என்பது கண்ணை மூடிக்கொள்வதாகவும் ஆகிவிடக் கூடாது. ஐந்தாம் தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி (2019–21) ஐந்து வயதுக்குட்பட்ட இந்தியக் குழந்தைகளில் 67 சதவீதத்தினருக்கு இரத்தசோகை. 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதத்தினருக்கு. இந்த நிலையில் ‘அவரவர் உணவு அவரவர் தெரிவு’ என்று சொல்லி நகர்வது மரியாதையாகாது, தட்டிக்கழித்தல்தான்.

பிறர் கலத்தைக் கொடுப்பதற்காகப் பார்ப்பது எப்படி இருக்கும் என்பதற்குத் தமிழ்ப் பௌத்தக் காப்பியமான மணிமேகலையே சாட்சி. எடுக்க எடுக்கக் குறையாத அமுதசுரபியைக் கையில் வைத்திருப்பவள் அதை ஏந்திப் போவது பசித்தவர்களிடம். சிறைக்கோட்டத்துக்கும் போகிறாள், சிறையே அறக்கோட்டமாகிறது. உண்பவர் யார், தகுதியுள்ளவரா என்ற விசாரணை அங்கே இல்லை. அந்தப் பாத்திரத்தை முதலில் பெற்ற ஆபுத்திரன், வேள்விக்குக் கட்டியிருந்த பசுவை விடுவித்ததற்காக ஊரைவிட்டுத் துரத்தப்பட்டவன் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். உயிர்க்கொலை கூடாது என்ற உறுதி அவனிடம் இருந்தது. பாத்திரம் கைக்கு வந்தபோது அவன் செய்தது சோறு போடுவது.

நம் காலத்தில் இதற்கு இணையான பொதுச் செயல் பள்ளி மதிய உணவு. 1920இல் சென்னை மாநகராட்சியின் ஆயிரம் விளக்குப் பள்ளியில் தொடங்கி, 1956இல் காமராசரின் திட்டமாகவும் 1982இல் எம்.ஜி.ஆரின் சத்துணவாகவும் விரிந்தது. 1989இல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை சேர்ந்தது. 2010இல் வாரம் ஐந்து முட்டை என்றானது. முட்டை உண்ணாத பிள்ளைக்கு வாழைப்பழம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது. அரசு பிள்ளைகளின் தட்டைப் பார்த்தது, எது குறைகிறது என்று கண்டது, போட்டது. வேண்டாம் என்றவரை வற்புறுத்தவும் இல்லை, வேண்டும் என்றவரைக் கூசவைக்கவும் இல்லை.

இதே முட்டையை மத்தியப் பிரதேச அங்கன்வாடிகளில் தரும் யோசனையை 2015இல் அம்மாநில அரசு ஏற்க மறுத்தது. கர்நாடகத்தில் 2021இல் வடமாவட்டங்கள் சிலவற்றின் பள்ளிகளில் முட்டை தரத் தொடங்கியபோது சில மடாதிபதிகள் எதிர்த்தார்கள். மாற்றாக வாழைப்பழம் உண்டு என்ற பிறகும் எதிர்ப்பு நிற்கவில்லை. தம் பிள்ளை உண்ண வேண்டாம் என்பதல்ல அவர்கள் கோரிக்கை. பக்கத்தில் உட்காரும் பிள்ளையும் உண்ணக் கூடாது என்பது.

கொடுக்கும் பார்வைக்கும் குறைகாணும் பார்வைக்கும் வேறுபாடு காண்பது கடினமல்ல. முதலாவது செலவு வைக்கும்: முட்டைக்குப் பணம், சமையலருக்குச் சம்பளம், வீட்டில் கடைசியாக உண்பவருக்கு முதல் பந்தியில் ஓர் இடம், தொழிலாளிக்கு இன்னும் பதினைந்து நிமிடம். இரண்டாவது இலவசம், அதனால்தான் ஏராளமாகக் கிடைக்கிறது. உணவுக்கூடத்தில் தனி வாசல் கேட்பவரிடமும், பிள்ளையின் தட்டிலிருந்து முட்டையை எடுக்கச் சொல்பவரிடமும், பந்தியில் பிறர் ஜாங்கிரியைக் கணக்கெடுப்பவரிடமும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: நீங்கள் என்ன பரிமாறப் போகிறீர்கள்?